கார்டை எதிரில் இருப்பவரும் படிக்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டின் பழைய கார்டுகளையும் மறுவடிவம் பெற்ற கார்டுகளையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1993-இல் வந்த கார்டுகளில் உயிர் இருந்தது, 2003-இல் சட்டகத்தை, அதாவது படத்தையும் எழுத்தையும் சுற்றியுள்ள வடிவமைப்பை, மாற்றியதும் அந்த உயிர் போய்விட்டது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அதற்குச் சான்றாக இரண்டு கார்டுகளை அரைப்பக்க அளவுக்குப் பெரிதாக்கியும் போட்டிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சிவகாசியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஆஃப்செட் அச்சு இயந்திரத்தின் முன் நிற்பவன் நான். என் மகள் இந்த விளையாட்டை மூன்று ஆண்டுகளாக ஆடுகிறாள். எதிரில் உட்கார ஆள் கிடைக்காத நாட்களில் நான் உட்காருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தம்பி, போன பொங்கலுக்கு வந்தபோது அவளுக்காக 1994-ஆம் ஆண்டின் 'ரிவைஸ்டு' பதிப்புக் கார்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்தான். அவற்றில் ஒன்று டக்ளஸ் ஷூலர் வரைந்த 'செர்ரா ஏஞ்சல்'. மகள் அதை மேசையில் வைத்து, தன்னிடம் இருந்த புதிய செர்ரா ஏஞ்சலை அதன் பக்கத்தில் வைத்தாள். நான் லென்ஸை எடுத்து வந்தேன்.

முதலில் பெயரைப் பார்த்தேன். பழைய கார்டில் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. அதாவது, எழுத்துக்கென்று மை கிடையாது. சுற்றிலும் வண்ணம் ஓட, எழுத்து மட்டும் காகிதத்தின் வெண்மையாக விடப்பட்டிருக்கிறது. எங்கள் தொழிலில் இதை ரிவர்ஸ் என்போம். எந்த அச்சுக்காரரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், சின்ன எழுத்தை நான்கு வண்ணத்தின் நடுவே ரிவர்ஸில் போடச் சொன்னால் முகம் சுளிப்பார். வண்ணத்துக்கு ஒன்றாக ஓடும் நான்கு பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்தின் மெல்லிய கால்களுக்குள் மை புகுந்துவிடும். செர்ரா ஏஞ்சலோ வெள்ளை நிறக் கார்டு. வெளிறிய சட்டகத்தின்மேல் வெள்ளை எழுத்து! போதாக்குறைக்கு ரிவைஸ்டு பதிப்பே சாயம் வெளுத்த பதிப்பு என்று பெயர் வாங்கியது. லென்ஸுக்குக் கீழே எழுத்தின் ஓரங்கள் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தன.

2003-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து பெயருக்கென்று தனிப் பட்டை ஒதுக்கினார்கள். வெளிர் நிறத்தின்மேல் கறுப்பு எழுத்து. கறுப்பு பிளேட் ஒன்று மட்டும் ஓடும் எழுத்து, மற்ற மூன்றும் கொஞ்சம் நகர்ந்தாலும் கலங்காது. உயிர் போய்விட்டது என்று கட்டுரையாளர் சொல்வது இந்தப் பட்டையைத்தான். கண் வலிக்காமல் படிக்கும்படி ஒருவர் யோசித்துச் செய்த வேலை அது என்று நான் சொல்வேன்.

கார்டு என்பது கையில் வைத்திருப்பவர் மட்டும் படிப்பது அல்ல. மேசையில் இறக்கியதும் எதிரில் இருப்பவரும் அதைப் படித்தாக வேண்டும், அதுவும் இரண்டடி தள்ளி, தலைகீழாக. பழைய கார்டுகளை வைத்து ஆடிய அன்று நான் ஒவ்வொரு கார்டை இறக்கும்போதும் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, அது என்ன கார்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். புதிய கார்டுகளில் அந்தக் கேள்வி வருவதே இல்லை. பெயரைப் பார்க்கிறாள், கணக்குப் போடுகிறாள், பதில் கார்டை இறக்குகிறாள். மறுவடிவத்தை அளக்க இதைவிட நேரான கோல் எனக்குத் தெரியவில்லை.

வாசகமும் அப்படித்தான். 'லைட்னிங் போல்ட்' கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிவப்பு மனா கொடுத்தால் 3 சேதம் விளைவிக்கும் கார்டு. (மனா என்பது கார்டை இறக்க ஆட்டத்துக்குள் கொடுக்கும் விலை.) 'ஒரு இலக்குக்கு 3 சேதம்' என்பதே முதலில் அதில் இருந்த ஒரே வரி. எதெல்லாம் இலக்கு என்று கார்டு சொல்லவில்லை. பிறகு 'ஓர் உயிரினம் அல்லது ஆட்டக்காரர்' என்று திருத்தினார்கள். 2007-இல் பிளேன்ஸ்வாக்கர் என்ற புது வகைக் கார்டு வந்தது. லைட்னிங் போல்ட்டால் அதைத் தாக்க வேண்டுமென்றால், ஆட்டக்காரருக்கு விழும் சேதத்தை அதன் பக்கம் திருப்பலாம் என்ற விதியை, கார்டில் எங்கும் அச்சிடாத விதியை, மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. 2018-இல் 'எந்த இலக்குக்கும் 3 சேதம்' என்று மாற்றியபோதுதான் அது தீர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் சுற்றி, தொடங்கிய சொல்லுக்கே கிட்டத்தட்ட திரும்பியிருக்கிறார்கள். ஆனால் முதலில் அந்தச் சொல்லின் பொருளை ஆட்டக்காரர் ஊகிக்க வேண்டியிருந்தது, இப்போது அதற்குப் பின்னால் ஒரு தெளிவான விதி நிற்கிறது.

செர்ரா ஏஞ்சலின் வாசகமும் இதேபோல் இறுகியிருக்கிறது. இந்த விளையாட்டில் தாக்கப் போகும் கார்டைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். 'தாக்கும்போது இதைத் திருப்ப வேண்டியதில்லை' என்று ஒரு முழு வாக்கியமாக இருந்தது, 2004-க்குப் பிறகு 'விஜிலென்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லாகிவிட்டது. சொல்லை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும், அது வரும் கார்டுகளிலெல்லாம் கண் அங்கே போய் நிற்கிறது.

பழைய பதிப்புகளைக் கோயில் சிலை போல வைத்துப் பேசுவதும் சரியில்லை. 1993 ஆகஸ்ட்டில் வந்த முதல் பதிப்பான ஆல்ஃபாவில் 'ஆர்க்கிஷ் ஓரிஃப்ளாம்' கார்டின் விலை 4 மனாவுக்குப் பதில் 2 மனா என்று அச்சாகிவிட்டது. 'சைக்ளோபியன் டூம்' கார்டில் விலையே விட்டுப்போயிற்று. 'வால்கனிக் ஐலண்ட்' என்ற கார்டு பதிப்பில் சேராமலே போனது. ரிவைஸ்டில் நடந்தது இன்னும் பெரியது. 'செரண்டிப் எஃப்ரீட்' என்ற நீலக் கார்டு பச்சைச் சட்டகத்தில், வேறொரு கார்டின் படத்தோடு வெளிவந்தது. அதையும் வெளுத்த சாயத்தையும் சரிசெய்ய 1994 கோடையில் மீண்டும் அச்சிட்டார்கள். இந்த முறை 'ஹரிக்கேன்' என்ற பச்சைக் கார்டு நீலச் சட்டகத்தில் வந்தது! சாயமும் அளவுக்கு மீறிக் கறுத்துப்போக, அச்சிட்டதை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். தப்பி வெளியே வந்த சிலவற்றைத்தான் இன்று சேகரிப்பவர்கள் கொள்ளை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாங்கள் அடித்த ஒரு தினசரிக் காலண்டரில் இரண்டு மாதங்களின் சிவப்பு பிளேட் மாறிவிட்டது. பண்டிகை நாள் கறுப்பாகவும், வெறும் நாள் சிவப்பாகவும் ஓடிவிட்டன. இரண்டு நாள் அடித்த தாள்களை முதலாளி எங்கள் கண்முன்னே கட்டிங் மெஷினில் வெட்டிக் கழிவில் போடச் சொன்னார். இயந்திரத்தில் நிற்பவனுக்கு அந்த வலி தெரியும். பிழை ஏறிய தாளைப் பழைய காலத்து அழகு என்று கொண்டாட என்னால் முடியாது.

படத்தைப் பற்றி மட்டும் கட்டுரையாளரோடு நான் ஒத்துப்போகிறேன். லைட்னிங் போல்ட்டின் முதல் படத்தை வரைந்தவர் கிறிஸ்டோபர் ரஷ். 2016-இல் காலமான அவர்தான் இந்த விளையாட்டின் புகழ்பெற்ற 'பிளாக் லோட்டஸ்' கார்டின் படத்தையும் வரைந்தவர். அவருடைய மின்னலைக் கைநீட்டும் தூரத்திலிருந்து, தலைகீழாகப் பார்த்தாலும் மின்னல் என்றே தெரிகிறது. பின்னால் வந்த படங்களில் கைத்திறன் கூடியிருக்கிறது, நுணுக்கம் கூடியிருக்கிறது. ஆனால் தீப்பெட்டி அளவுப் பரப்பில் அந்த நுணுக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. தீப்பெட்டி லேபிள் அச்சடித்த ஊர்க்காரன் சொல்கிறேன், சின்னப் பரப்புக்குச் சில கோடுகளே போதும்.

2003-இல் செய்தது எல்லாமே சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆர்ட்டிஃபாக்ட் எனப்படும், கருவிகளையும் பொருட்களையும் குறிக்கும் வகைக் கார்டுகளுக்கு அதுவரை மரப்பலகை போன்ற பழுப்புச் சட்டகம் இருந்தது. அதை எடுத்துவிட்டு வெளிர்சாம்பல் கொடுத்தார்கள். வெள்ளைக் கார்டும் அதுவும் பக்கத்தில் கிடந்தால் எது எது என்று தெரியவில்லை. அதே ஆண்டில் ஆர்ட்டிஃபாக்ட்டுகளையே முதன்மையாகக் கொண்ட 'மிரோடின்' பதிப்பும் வந்து சேர்ந்தது. 2004-இல் சாம்பலை அடர்த்தியாக்கினார்கள். பிழையென்று கண்டதும் திருத்தினார்களே, அந்த மனப்பாங்கை நான் மதிக்கிறேன்.

என் வருத்தமெல்லாம் இப்போது நடப்பதைப் பற்றித்தான். ஒரே கார்டுக்கு நாலு விதச் சட்டகம், பார்டரே இல்லாத ஒன்று, ஓவியத்துக்குள் பெயர் மூழ்கிவிடும் ஒன்று. விளையாட்டின் கதைக்காகக் கற்பனையில் உண்டாக்கிய ஃபைரெக்சியன் எழுத்துகளிலேயே முழு வாசகத்தையும் அச்சிட்ட கார்டுகளும் சில வந்திருக்கின்றன. உலகில் யாருடைய தாய்மொழியும் அல்லாத எழுத்து அது. அலமாரியில் வைக்க அழகுதான். மேசையில் இறக்கினால் எதிரில் இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? என் மகளோடு ஆட வந்த ஒரு பையன் அப்படி ஒன்றை இறக்கியபோது, அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைபேசியில் தேடிப் படித்தாள். பழைய கார்டைவிடப் பின்னால் போய்விட்டோமே என்று எனக்குத் தோன்றியது. கட்டுரையாளரின் கோபம் 2003-ஐ விட்டுவிட்டு இங்கே வந்திருக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகளில் அவர்கள் கைவைக்காத பக்கம் ஒன்று உண்டு, கார்டின் பின்புறம். அங்கே இன்றும் 'டெக்மாஸ்டர்' என்ற சொல் இருக்கிறது. அதே குடையின்கீழ் பல விளையாட்டுகள் வரும் என்று அன்று நினைத்து வைத்த பெயர். அந்த ஏற்பாடு எப்போதோ நின்றுவிட்டது. இருந்தும் சொல்லை எடுக்க முடியாது. எடுத்தால் கட்டுக்குள் எது புதிய கார்டு என்று பின்புறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஆட்டம் கெட்டுவிடும். முன்பக்கத்தை மாற்றியதற்கும் பின்பக்கத்தை மாற்றாததற்கும் காரணம் ஆட்டம்தான். உங்கள் கட்டுரையில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஓர் ஒப்பீடு வெளியிட்டால் படங்களைப் பெரிதாக்கிப் போடாதீர்கள். அரைப்பக்க அளவில் எந்த எழுத்தும் நன்றாகத்தான் தெரியும். பழையதையும் புதியதையும் கார்டின் உண்மையான அளவில், 63-க்கு 88 மில்லிமீட்டரில், தலைகீழாக அச்சிடுங்கள். இதழை மேசையில் விரித்து, வாசகர்கள் கைநீட்டும் தூரத்திலிருந்து படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அச்சுத் தொழிலாளி ஒருவர்,
சிவகாசி.