அக்டோபர் 2: விடுபட்ட பெயர்கள்

ஆசிரியருக்கு,

தங்கள் நாளிதழின் 'வரலாற்றில் இன்று' பகுதியில் அக்டோபர் 2-க்கு காந்தி பிறந்த நாள் (1869) மட்டுமே இடம்பெற்றிருந்தது. சரி, அது முதலில் வரவேண்டியதுதான். ஆனால் லால் பகதூர் சாஸ்திரி 1904-ல் பிறந்ததும் இதே நாளில்தான். 1964-ல் அவர் பிரதமராக வழிசெய்த காமராஜர், 1975-ல் காந்தி ஜெயந்தி அன்றே சென்னையில் காலமானார். மூவரையும் ஒரே தேதி கோத்து வைத்திருப்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. பஞ்சாயத்து ராஜ் அமைப்பை 1959-ல் ராஜஸ்தானின் நாகௌரில் நேரு தொடங்கிவைத்ததும் அன்றுதான்.

எங்கள் ஊர் கிராம சபைக் கூட்டமும் அன்றைக்குத்தான் கூடுகிறது. சென்ற முறை மேசையில் கதம்ப மாலையோடு காந்தி படம் மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்ற பள்ளி மாணவியிடம் காமராஜரைப் பற்றிச் சொன்னேன். "அவர் நாள் ஜூலை 15-தானே தாத்தா, பள்ளியில் கொண்டாடுவோமே" என்றாள். மறைந்த நாள் அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு நான்கையும் சேர்த்து வெளியிடுங்கள். சாஸ்திரி, காமராஜர் தொடர்புக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் ஒதுக்குங்கள்.