தலைப்பெழுத்து மாறிய பெண்களைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு ஆண்டுகளாக, நாளிதழ் வேலை முடிந்த இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், நம் கடலூர், புதுச்சேரி வட்டாரப் பெண்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறேன். யார் எழுதினார், யார் திருத்தினார் என்று காட்டும் அக்கட்டுரைகளின் வரலாற்றுப் பக்கத்தில் என் பயனர் பெயர் மட்டுமே நிற்கிறது. உங்கள் உழைப்பு அங்கே பதிவாக வழியில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற நூலகர் ஐயாவுக்கு. மூத்த நாடகக் கலைஞர் ஒருவரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில், போதிய சான்று இல்லை என்று நீக்கல் வார்ப்புரு, அதாவது கட்டுரையை நீக்கலாம் என்ற அறிவிப்பு, இடப்பட்டபோது மனம் உடைந்து உங்களிடம் வந்தேன். "கல்யாணத்துக்கு முன்னால அப்பா இனிஷியல், அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல். ரெண்டுலயும் தேடினியாம்மா?" என்று கேட்டீர்கள். நான் தேடியிருக்கவில்லை. வேறு யாரோ என்று நான் தள்ளிவைத்திருந்த செய்திகள் எல்லாம் அவருடையவையே என்று அன்று தெரிந்தது. சில செய்திகளில் அந்தப் பெயரும் இல்லை. இன்னாரின் மனைவி என்பதோடு நிருபர் நிறுத்திக்கொண்டிருந்தார். நானும் அப்படிச் செய்தி எழுதியிருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நாளிதழ் அன்று விட்ட பெயரைக் கலைக்களஞ்சியம் இன்று சான்றோடு கேட்கிறது.

2018-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அதைப் பெற்றவர்களில் ஒருவரான டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை என்பதையும், சில மாதங்களுக்கு முன் எழுதப்பட்ட வரைவு சான்று போதாதென்று திருப்பப்பட்டிருந்ததையும் சொல்லி என்னைத் தேற்றிய மூத்த விக்கிப்பீடியா பயனருக்கு நன்றி. விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கமான என் மணல்தொட்டியில் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் பொறுமையாகத் திருத்தியவரும் நீங்கள்தான்.

கடலூர் முதுநகர் ஆசிரியை அக்காவுக்குத் தனி நன்றி. அவ்வூரில் 1890-இல் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் அஞ்சலையம்மாளைப் பலரும் அறிவர். 1927-இல் சென்னையில் 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் அவருடன் சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவும் கலந்துகொண்டார் என்பதும், காந்தியடிகள் அச்சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் சூட்டினார் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மகளைத் தாயின் கட்டுரையில் ஒற்றை வரியாக முடித்துவிடக் கூடாது என்று நீங்கள் வற்புறுத்தியது மிகச் சரி.

நாடகக் கலைஞரை அவர் வீட்டுத் திண்ணையில் படமெடுத்துப் விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் பொதுவகத்தில், யாரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் ஏற்றிய கல்லூரித் தம்பிக்கும் நன்றி. கட்டுரையை நாங்கள் கைப்பேசியில் படித்துக் காட்டியபோது அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த எங்கம்மா பேரு இல்லையே" என்றார். அவர் தாயின் பெயர் அச்சான தாள் எதுவும் இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நம் வட்டாரத்தில் நடந்த நாடகங்களின் பழைய நோட்டீசுகள் உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ இருந்தால் தெரிவியுங்கள். நானே வந்து பார்த்துப் படியெடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
கடலூரிலிருந்து உங்கள் செய்தியாளர்