பழைய விடுதிக் கட்டடத் திருப்பணி: சபையாருக்கு நிறைவு அறிக்கை

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

விடுதிக் கட்டடத் திருப்பணி முடிந்தது. வரவு செலவுக் கணக்கு தனியே வருகிறது. இங்கே செய்த வேலையைச் சொல்கிறோம்.

பெரும்பாடு சுவரில்தான். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவரில் மண்ணின் ஈரம் ஏறும், பூச்சு வழியே உலர்ந்தும் போகும். பிற்காலத்தில் மேலே பூசிய சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் இன்னும் மேலேறி, உப்புப் பூத்து, பூச்சு பொருமி உதிர்ந்தது.

சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், சாந்து வரி நெடுக 12 செ.மீ.க்கு ஒரு துளையிட்டு நீர்த்தடுப்பு மருந்து ஏற்றினோம். பிறகு காத்திருந்தோம். ஈரச் சுவரில் பூசினால் உப்பு புதுப் பூச்சையும் தள்ளிவிடும். தாமதம் ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில். பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய மணல் 3 பங்கு. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 செ.மீ. மதிய வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும் என்பதால் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். மேலே வெள்ளையடித்ததும் சுண்ணாம்பால்தான். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் சுவர் மறுபடி மூச்சடைக்கும்.

மாடி உத்திரங்களில் சுவருக்குள் புதைந்த முனைகள் மட்டுமே மக்கியிருந்தன. அவற்றை அறுத்து, வயிரம் பாய்ந்த மரத்தை ஒட்டுப்போட்டு போல்ட்டால் முறுக்கினோம்.

படுக்கைக் கூடத்தில் பிளைவுட்டால் அடைத்திருந்த காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டோம். ஏர்கான் வைக்கவில்லை. சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் எதிரெதிர் சாளரங்களின் காற்றோட்டத்தை நம்பித்தான் இந்தக் கூடத்தைக் கட்டியிருக்கிறார்கள்; பல பிள்ளைகள் சேர்ந்து உறங்கும் இடத்துக்கு அது அவசியம்.

முன்னறையில் வரலாற்றுப் பலகை வைத்திருக்கிறோம். 1886 மார்ச் 1 அன்று சிங்கப்பூர் அமோய் ஸ்திரீட்டில் மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்டம் 13 மாணவர்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். 1887இல் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் மெதடிஸ்ட் மிஷனரி சோஃபியா பிளாக்மோர் அம்மையார் ஒன்பது தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் பிறப்பு அதுவே. நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். அம்மையார் நடத்திய விடுதி நிண்ட் ஹோம் என்று பெயர் பெற்றது. படிப்பு, ஜெபம், சாப்பாடு, உறக்கம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடந்த இடங்கள் இத்தகைய விடுதிகள். அதனால்தான் வகுப்பறையைவிடப் படுக்கைக் கூடத்தையும் சமையற்கட்டையும் பழைய அமைப்பிலேயே காப்பதில் உறுதியாக இருந்தோம்.

நவம்பர் மழைக்கு முன் கூரைத் தாழ்வாரக் கால்வாயில் இலைகளை அள்ள வேண்டும். அடைத்தால் தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கும். சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். படம் மாட்ட மேல் மரச்சட்டத்தில் கொக்கிகள் இருக்கின்றன.

திருப்பணிக் குழு