ஆற்றில் கிடக்கும் மரம் குப்பையன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை ஓய்ந்ததும் திருகோணமலை மாவட்டத்தின் ஆறுகளிலும் ஓடைகளிலும் துப்புரவுப் பணிகள் தொடங்குவது வழக்கம். வெள்ளத்தோடு வந்து தங்கிய மரங்களையும், கரையிலிருந்து சாய்ந்து நீருக்குள் கிடக்கும் மரங்களையும் பெக்கோ இயந்திரங்களால் இழுத்தெடுத்துக் கரையில் குவிக்கிறார்கள். சில நாட்களில் அவை விறகாகிவிடுகின்றன. நீர் தடையின்றி ஓட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு நடக்கும் வேலைதான் இது. ஆயினும், தண்ணீருக்குள் கிடக்கும் மரம் ஒவ்வொன்றையும் குப்பையென்று எண்ணி அகற்றுவதனால் நன்னீர் மீன்கள் தம் இருப்பிடத்தை இழந்துவருகின்றன என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

மூதூர்ப் பக்கத்தில், எங்கள் ஊருக்கு அருகே ஓடும் ஓடையொன்றில், நான் சிறுவனாக இருந்த காலந்தொட்டு, வெள்ளத்தில் சாய்ந்த மருதமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அடிமரமும் வேர்களும் எந்நேரமும் நீரில் மூழ்கியிருந்தமையால் அது எளிதில் உக்கவில்லை. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஓடை முழுவதும் வெறும் மணலாகக் காய்ந்து கிடந்தாலும், அந்த மரத்தின் கீழே மட்டும் இடுப்பளவு நீருள்ள மடு இருக்கும். விராலும் கெண்டையும் கெளிறும் அதற்குள் ஒதுங்கி உயிர் தப்பி, அடுத்த மாரியில் ஓடை நெடுகப் பரவும். சில ஆண்டுகளுக்கு முன் அந்த மரம் அகற்றப்பட்டது. அடுத்த வெள்ளத்திலேயே மடு மணலால் தூர்ந்தது; அதன்பின் வந்த கச்சானில் அங்கே ஒரு கெண்டைக்குஞ்சுகூட மிஞ்சவில்லை.

அந்த மடுவை உண்டாக்கியதே மரந்தான். ஓடிவரும் வெள்ளம் மரத்தில் மோதி, அதன் மேலாகவும் கீழாகவும் விரைந்து திரும்பும்போது அடிமணலை அரித்துக் குழியாக்குகிறது. மரத்தின் பின்புறத்தில் வேகம் தணிந்துவிடுவதால், பெருவெள்ளத்திலும் மீன்குஞ்சுகள் அடித்துச் செல்லப்படாமல் அங்கே தங்க முடிகிறது. நீர்க்காகமும் மீன்கொத்தியும் எட்டமுடியாத ஒதுக்கிடம் வேர்களின் இடுக்கில் கிடைக்கிறது. விலாங்கும் ஆரலும் பகலெல்லாம் அவ்விடுக்குகளில் கிடந்து இரவில் இரைதேடப் புறப்படுகின்றன. மூழ்கிய மரத்தின்மீது முட்டைகளை ஒட்டவைத்துக் காவல் காக்கும் மீன்களும் நம் களப்புகளில் உண்டு.

இருப்பிடத்தைப் போலவே இரையையும் கருத வேண்டும். மகாவலியின் கீழ்ப்பகுதியில் ஆற்றுப்படுகை பெரும்பாலும் மணல். நீரோட்டத்தில் மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டேயிருப்பதால், பாசியோ நீர்ப்பூச்சிகளோ அதில் நிலையாகப் பற்றிக்கொள்ள முடியாது. கல்லில்லாத அத்தகைய ஆற்றில் அவை பற்றக்கூடிய உறுதியான பரப்பு மூழ்கிக் கிடக்கும் மரம் ஒன்றுதான். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள சட்டில்லா என்னும் மணலாற்றைப் பற்றி 1985 இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்குள்ள முக்கியமான 8 மீனினங்களுள் 4 இனங்கள், தமது இரையில் குறைந்தது 60 சதவீதத்தை மூழ்கிய மரங்களில் வாழும் சிற்றுயிர்களிலிருந்தே பெற்றன. மரங்களோ அந்த ஆற்றின் வாழிடப் பரப்பில் மிகச் சிறிய பங்குதான்.

அதே நாட்டின் வடமேற்குப் பகுதியில், சமன் (சால்மன்) மீன்கள் கடலிலிருந்து ஏறிவருவதற்குத் தடையாக இருக்கின்றன என்று கருதி, 1950கள் முதல் 1970கள் வரை ஓடைகளிலிருந்த மரங்களை அதிகாரிகளே அகற்றினார்கள். மடுக்கள் அழிந்து மீன்கள் குறைவதைக் கண்ட பின்னர், பெருஞ்செலவில் அடிமரங்களைத் திரும்பவும் கொண்டுவந்து ஓடைகளில் இடுகிறார்கள். நமக்கும் இது முற்றிலும் புதிய செய்தியன்று. நீர்கொழும்புக் களப்பில் மீனவர்கள் கண்டல் கொப்புகளை நீருக்குள் நட்டு, சில வாரங்கள் காத்திருந்து, அங்கே வந்து கூடும் மீன்களை வலையால் வளைத்துப் பிடிக்கும் முறையைத் தலைமுறைகளாகக் கையாண்டு வருகிறார்கள். கொப்புள்ள இடத்தை மீன் நாடும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மலைநாட்டிலிருந்து மிதந்துவரும் மரங்கள் விக்டோரியா, ரந்தெனிகல போன்ற மகாவலி நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே நம் பகுதி ஆற்றுக்கு மரம் கிடைக்க வேண்டுமானால், நம் கரைகளிலுள்ள மருதும் இலுப்பையும் புங்கும் முதிர்ந்து தாமாகவே சாய வேண்டும். கரைமரங்களை மணல் லொறிகளின் வழிக்காக வெட்டும் இடங்களில், இன்றைய நிழலோடு நாளைய மடுக்களும் சேர்ந்தே போகின்றன.

பாலத்தூண்களிலும் மதகுகளிலும் அடைத்துக்கொள்ளும் மரங்களை அகற்றியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அவற்றால் வெள்ளம் ஊருக்குள் புகும். முதலை அச்சமுள்ள குளிக்கும் துறைகளையும் திறந்த வெளியாக வைத்திருப்பதே பாதுகாப்பு. தேங்கிய நீரில் பச்சை இலைகளோடு குவியும் கொப்புகள் அழுகும்போது ஒட்சிசன் குறைந்து மீன்கள் இறப்பதும் உண்டு, அவற்றையும் எடுத்துவிடலாம்.

எனவே, அடுத்த துப்புரவுப் பணிக்கு முன்னர், பொறுப்பான அதிகாரிகள் நன்னீர் மீனவர் சங்கத்தினரையும் அழைத்துக்கொண்டு ஓடை நெடுக ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். எந்த மரம் ஆபத்தானது, எதன் கீழே மடு இருக்கிறது என்பதை அங்கே தொழில் செய்பவர்கள் அறிவார்கள். ஆபத்தில்லாதவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். இடையூறானவற்றை முழுதாக வெளியே இழுக்காமல், நீரோட்டத்துக்கு இணையாகக் கரையோரம் திருப்பி, வேர்ப்பகுதி நீருக்குள் இருக்கும்படி கட்டிவைக்கலாம். இயந்திரம் எப்படியும் அங்கே நிற்கப்போவதால், அதற்கு மேலதிகமாகச் சில மணி நேரமே தேவைப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
மூதூர், திருகோணமலை மாவட்டம்.