பெரியவங்களுக்கும் ஒரு முதல் வகுப்பு வேணும்: ஃபிடில் சம்மர் ஸ்கூல் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கமிட்டி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன ஜூலைல உங்க ஸ்கூலுக்கு வந்த நர்ஸ் நான். இதே விஷயத்தை இங்கிலீஷ்ல ரெண்டு தடவை மெயில் போட்டேன், ரெண்டுக்கும் "உங்க மெயில் கிடைச்சது"ங்கிற ஆட்டோமேட்டிக் பதிலோட சரி. இந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்ததுல இருந்து மனசு ஆறல, அதான் என் பாஷையிலயே எழுதிடுறேன், அயர்லாந்துல இருக்கிற நம்ம ஆளுங்களும் படிக்கட்டும், என் பொண்ணு இதை இங்கிலீஷ்ல மாத்தி உங்களுக்கு அனுப்புவா.

ஃபிடில், அதாவது ஐரிஷ் நாட்டு மெட்டு வாசிக்கிற வயலின், அதுக்குத் தொடக்க வகுப்பு 12 வயசு வரைக்கும்தான், பெரியவங்கன்னா நோட்டேஷன் (எழுதி வச்ச ஸ்வரக் குறிப்பு) இல்லாம காதால கேட்டு வாசிச்ச பழக்கம் குறைஞ்சது ரெண்டு வருஷம் இருக்கணும்னு போட்டிருக்கீங்க. போன வருஷம் எங்களை அடுத்த நிலை வகுப்போட சேர்த்து உக்கார வச்சீங்க, இந்த வருஷம் கதவையே சாத்திட்டீங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். பெரியவங்களுக்கு ஒரு தொடக்க வகுப்பு. ஒரு ரூம், ஒரு டீச்சர், பத்துப் பேர்.

போன வருஷம் நடந்ததைச் சொல்றேன், ஏன்னா அந்த ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. சேர்ற ஃபார்ம்ல "இதுக்கு முன்னாடி வயலின் வாசிச்சிருக்கீங்களா, எத்தனை வருஷம்"னு கேட்டிருந்தீங்க. பத்து வயசுல ரெண்டு வருஷம் கத்துக்கிட்டேன், சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரத்தோட நின்னுபோச்சு, அதனால ரெண்டுன்னு உண்மையை எழுதினேன். ஆனா நான் கத்துக்கிட்டது தரையில சம்மணம் போட்டு, வயலினோட தலையை வலது கால்ல சாய்ச்சு வச்சுக்கிட்டு. எங்க சுருதி ச ப ச ப. இங்க அதையே தாடைக்கடியில வச்சு, ஜி டி ஏ ஈன்னு கம்பி கட்டி, நாற்காலியில நேரா உக்காரணும். அந்த ரெண்டு வருஷம் இங்க பாதி உதவி, பாதி இடைஞ்சல். இதைச் சொல்ல ஃபார்ம்ல இடமும் இல்ல, கேக்க ஆளும் இல்ல.

ரூம் ஒரு பிரைமரி ஸ்கூல் கிளாஸ்ரூம், குழந்தைங்க நாற்காலி, 23 பேர். காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும். டீச்சர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்க வாசிக்கிறதைக் கேக்கவே அத்தனை தூரம் பஸ்ல வரலாம். முதல் நாள் ஒரு ஜிக், ஐரிஷ் நடன மெட்டு. தகிட தகிட, தகிட தகிடன்னு கணக்கு உடனே பிடிபட்டுச்சு, எட்டு பார் (நம்ம ஆவர்த்தனம் மாதிரி) ஒரு பாகம், அதை ரெண்டு தடவை, அப்புறம் அடுத்த எட்டு, அதுவும் ரெண்டு தடவை, இதெல்லாம் தலைக்குள்ள போயிடுச்சு. கைக்குத்தான் வரல. ஒரு வரி வாசிச்சுக் காட்டுவாங்க, முன்வரிசையில எட்டுப் பத்துப் பேர் அப்படியே திருப்பி வாசிச்சுடுவாங்க, டீச்சர் அடுத்த வரிக்குப் போயிடுவாங்க. ஒரு ஸ்வரத்தைச் சுத்தி மேல ஒரு தட்டு கீழ ஒரு தட்டுன்னு அவங்க ரோல்னு நம்ம கமகம் மாதிரி ஒண்ணு போடுறப்ப எனக்கு விரல் எந்தக் கம்பியில இருக்குன்னே தெரியாது.

செவ்வாய்க்கிழமை, வெளிய போயிடலாமா உக்காந்திருக்கலாமான்னு யோசிச்சுட்டு, கடைசில வில்லைக் கம்பிக்கு மேல அரை இன்ச் தூக்கிப் பிடிச்சு, சத்தமே வராம, எல்லாரோட வீச்சுக்கும் சரியா ஆட்ட ஆரம்பிச்சேன். பார்க்கிறவங்களுக்கு நானும் வாசிக்கிற மாதிரியே இருக்கும். பக்கத்துல ஒரு பெரியவர், அறுபத்தஞ்சு வயசு இருக்கும், ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், இவ்வளவு நாள் ஆசைப்பட்டு இப்பத்தான் ஃபிடில் வாங்கினேன்னு முதல் நாள் டீ பிரேக்ல சொன்னவர். புதன்கிழமை தற்செயலா திரும்பிப் பார்க்கிறேன், அவரோட வில்லும் கம்பியைத் தொடல. அவரும் என்னைப் பார்த்துட்டார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. வியாழக்கிழமை அவர் வரல. அவர் நாற்காலியில யாரோ கோட்டைப் போட்டு வச்சிருந்தாங்க.

நைட் ட்யூட்டியா பார்த்து சேர்த்து வச்ச அஞ்சு நாள் லீவு அது. பெரிய மனுஷங்க ரெண்டு பேரைக் காசு வாங்கிக்கிட்டு ஊமையா வில்லை ஆட்ட வச்ச ரூம் அதுன்னு இப்பவும் நினைச்சா எனக்குத் தொண்டை அடைக்குது. இதுக்கு உங்க தீர்வு, இனி அந்த மாதிரி ஆளுங்களே வர வேண்டாம்ங்கிறதா?

கேட்டுக் கத்துக்கணும்ங்கிறதை நான் எதிர்க்கல. எங்க ஊர்லயும் குரு பாட, சிஷ்யன் திருப்பிப் பாட, அப்படித்தான் பாடம். ஆனா கேட்டுக் கத்துக்க நேரம் வேணும், திரும்பத் திரும்ப வாசிச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும். உங்க மரபுலயே பாட்ரிக் ஓ'கீஃப் இருக்கார், 1887ல பிறந்து 1963ல இறந்தவர், கார்க் கெர்ரி எல்லையில ஸ்லீவ் லூக்ரா பக்கம் வாத்தியார் வேலை போன பிறகு வீடு வீடா நடந்து போய் ஃபிடில் சொல்லிக் கொடுத்தவர். நோட்டேஷன் தெரியாதவங்களுக்காகவே, எந்தக் கம்பி, எந்த விரல்னு நம்பர் போட்டுத் தானே ஒரு முறையை வச்சுக்கிட்டு, பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டுப் போவாராம். டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபோர்ட் மாதிரி பேர்பெற்ற ஃபிடில்காரங்க எல்லாம் அவர்கிட்ட படிச்சவங்க. வடமேற்கு அயர்லாந்துல இருக்கிற டொனிகல்ல மர ஃபிடில் இல்லாத வீடுகளுக்குத் தகரத்துலயே ஃபிடில் செஞ்சு கொடுத்திருக்காங்க. இல்லாதவங்க கைக்கு வாத்தியத்தை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்த மரபு உங்களோடது. அதோட பேர்ல நடக்கிற ஸ்கூல்ல ரெண்டு வருஷம் தெரிஞ்சாத்தான் உள்ள விடுவோம்னு எழுதியிருக்கிறதைப் படிக்கிறப்ப வலிக்குது.

எங்க பக்கத்துக் கதையும் ஒண்ணு சொல்லிடுறேன். எங்க தாத்தா காலத்துல வயலினைப் பிடில்னுதான் சொல்லுவாங்க, பிடில் வித்வான்னு நோட்டீஸ்லயே போடுவாங்க. முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786ல பிறந்தவர், சென்னைக் கோட்டைப் பக்கம் இருந்த ஐரோப்பியக்காரங்ககிட்ட இந்த வாத்தியத்தைக் கத்துக்கிட்டுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார். யாரோ ஒருத்தர் அன்னிக்கு வெளி ஆளுக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கார். இன்னிக்கு வயலின் இல்லாத கச்சேரி எங்க ஊர்ல அபூர்வம்.

இதோட இன்னொண்ணு, கமிட்டி கையில இல்லாத விஷயம்னு தெரியும், ஆனாலும் சொல்லாம இருக்க முடியல. ஸ்கூல் நடக்கிற வாரம் வந்தா அந்த ஊர்ல ரூம் வாடகை ஏறிடுது, காரில்லாதவங்களுக்கு சாயங்காலத்துக்கு மேல பஸ் கிடையாது, பப்ல எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற செஷன் ஆரம்பிக்கிற நேரத்துல நாங்க மூட்டை கட்டணும். ஃபிடில் கத்துக்கிற ஆசை இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் இப்படியே தள்ளிப் போயிடுறாங்க, கிளீனிங் வேலை பார்க்கிறவங்க, கேர் ஹோம்ல இருக்கிறவங்க, ஷிஃப்ட் ஆளுங்க. மிச்சம் வந்து சேர்றவங்களையாவது வாசல்ல நிறுத்தாதீங்க. கோவத்துல கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க.

நீங்க எல்லாரும் சம்பளம் வாங்காம, சொந்த வேலையை விட்டுட்டு இதை நடத்துறீங்கன்னு எனக்குத் தெரியும், அந்த நன்றி எப்பவும் உண்டு. டீச்சர் கிடைக்கல, ரூம் பத்தலன்னா அதைச் சொல்லுங்க. காலையில முடியாதுன்னா மதியம் ரெண்டு மணி நேரம் போதும், பெரிய டீச்சர் வேணாம், உங்க ஸ்கூல்லயே படிச்சு வளர்ந்த பதினேழு வயசுப் பிள்ளை ஒண்ணு வந்து அஞ்சு நாள்ல போல்காங்கிற நடன மெட்டு ரெண்டே ரெண்டு சொல்லிக் கொடுத்தாலும் நாங்க சந்தோஷமா கத்துக்குவோம். பெரியவங்களுக்கு ஒரு தொடக்க வகுப்பு, ஒரு ரூம், ஒரு டீச்சர், பத்துப் பேர். ஃபார்ம்ல ரெண்டு வரி கூடுதல் இடம், எங்க எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு எழுத.

எங்க வார்டுல ஜூலை லீவுக்கு மார்ச் கடைசிக்குள்ள பேர் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு பதில் போட்டீங்கன்னா உதவியா இருக்கும். அந்த பஸ் டிரைவர் பெரியவரோட மெயில் ஐடி உங்க பழைய லிஸ்ட்ல இருக்கும், தயவுசெஞ்சு அவருக்கும் ஒரு வரி எழுதுங்க.

இப்படிக்கு,
போன வருஷம் கடைசி வரிசையில, ஜன்னலோரமா உக்காந்திருந்தவ