சுண்ணாம்புச் சுவரும் ஆபரேஷன் தியேட்டரும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். பதில் தாமதமானதற்கு நீ விசாரித்திருந்த அந்த ஆஸ்பத்திரி வேலைதான் காரணம்.

நூறு வருஷம் தாண்டிய கட்டடம். நடுவில் முற்றம், சுற்றிலும் வராந்தா, மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் அச்சுக்கல் என்னும் சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டில் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பில் கட்டிய தளம். அதைப் பழுது பார்க்க வேண்டும். பக்கத்திலேயே நான்கு ஆபரேஷன் தியேட்டர் கொண்ட புது பிளாக்கும் கட்ட வேண்டும். நோயாளிகள் உள்ளே இருக்கும்போதே.

பழைய ஹாலிலேயே தியேட்டர் போட்டுவிடலாம், கூரைதான் பதினெட்டு அடி உயரம் இருக்கிறதே, காற்றைக் கொண்டுபோகும் டக்டுக்கு இடம் தாராளம் என்றுதான் முதலில் பேச்சு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் வெளியே விடும். அது அப்படி மூச்சு விட்டால்தான் நிற்கும். நீ மயக்க மருந்து கொடுக்கும் தியேட்டருக்கோ இடுக்கே இருக்கக் கூடாது. மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும், அதுவும் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக. வெளிக்காற்று நுழையாதபடி உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்காக அந்தச் சுவரை எபாக்ஸி என்னும் பிசின் பூச்சால் அடைத்தால் ஈரம் எங்கே போகும்?

அதை வாதாடிப் புரியவைக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. தெற்குச் சுவரில் எப்போதோ யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். எங்கள் கொத்தனார் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பூச்சு பலகை மாதிரி கழன்று விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. அதே சுவரில் சிமெண்ட் படாத பக்கம் கல் கல்லாகவே இருக்கிறது. இப்போது அங்கே சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும்தான். முற்றம் முழுக்க அந்த வாசனை.

தியேட்டர்கள் புது பிளாக்குக்கே போய்விட்டன. தானே நிற்கும் தனிச் சட்டகம், அஸ்திவாரத்துக்கு மண்ணைத் துளையிட்டு இறக்கும் பைல் தூண்கள். அடித்து இறக்கும் பைலின் அதிர்வைப் பழைய சுவர் தாங்காது. இரண்டுக்கும் நடுவே இணைப்பு வராந்தா மட்டும்.

எனக்குத் தூக்கம் கெட்டது தூசியால்தான். பழைய பூச்சை உரிக்கும்போது கிளம்பும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் இருக்கும். உனக்கும் எனக்கும் ஒன்றும் ஆகாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நுரையீரலில் இறங்கிவிடும். தரை முதல் கூரை வரை தடுப்பு கட்டி, நனைத்து நனைத்துத்தான் உரிக்கிறோம். தியேட்டரைப் பார்த்த பக்கத்து உரிப்பு வேலை முழுவதும், தியேட்டர் திறக்கும் முன்பே முடிந்தாக வேண்டும்.

அப்புறம் தரை மட்டம். பழைய வராந்தா இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம். ஆபரேஷன் முடிந்தவரைத் தள்ளிவரும் டிராலி ஒரு சின்ன விளிம்பில் இடித்தாலும் அவருக்கு எப்படி வலிக்கும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அதனால் கதவு வருகிற இடத்தின் மட்டத்தையே புது பிளாக்கின் தரைக்கு எடுத்துக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் பழைய தியேட்டர், 1822இல் ஒரு தேவாலயத்தின் பரணில் அமைத்தது, இன்றும் இருக்கிறது. மேலே கண்ணாடிக் கூரை. அந்த வெளிச்சத்தில்தான் அறுத்தார்கள். இன்று விளக்கு இருக்கிறது, சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபிக்கு இருட்டுகூடத் தேவைப்படுகிறது. ஆனாலும் எட்டு மணி நேரம் வானமே தெரியாமல் நிற்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. திறக்க முடியாத, இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே மறைப்பு வைத்த ஜன்னல் ஒன்று வடக்குச் சுவரில் வைக்கலாமா? மயக்க மருந்து கொடுத்துவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் உனக்கு அது இடைஞ்சலா, ஆறுதலா?

வரைபடம் இத்துடன் இருக்கிறது. ஜன்னல் வரும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். மாசக் கடைசியில் அந்தச் சுவருக்குக் கான்கிரீட் போடுகிறோம், அதற்குள் எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்