புகை பிடிக்கும் அறையில் தபால்தலை, காமிக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம். அறையைப் பங்குபோட்டு இருக்கும் சிலர், அறைத்தோழரின் சிகரெட் புகையிலிருந்து சேகரிப்பை எப்படிக் காப்பது என்ற ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

சிகரெட்டின் தாரும் நிகோட்டினும் பிசுபிசுப்பாகப் படியும். புகை பிடிக்கும் அறையின் மின்விசிறி இறக்கையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், தேநீர் நிறத்தில் வரும். அதேதான் உங்கள் ஆல்பத்திலும் படிகிறது. பழைய காமிக்ஸின் மட்டக் காகிதம் தானாகவே பழுப்பேறும். இதில் புகை வாடையும் ஏறினால் லேசில் போகாது.

மூடியில் ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான டப்பா வாங்குங்கள். உள்ளே பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை. பிவிசி என்ற பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். நாளானால் அதிலிருந்து கசிவது தபால்தலையையும் நாணயத்தையும் கெடுக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். மழை நாளில் அடுக்கி மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே வாடை ஏறிவிட்டதா? ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா போட்டு, காகிதத்தில் படாமல் டப்பாவுக்குள் வைத்துச் சில வாரம் மூடி விடுங்கள். வாசனை ஸ்ப்ரே, வெயில் இரண்டும் கூடாது. பசை போகாத புதுத் தபால்தலையைத் தண்ணீரில் போடாதீர்கள். நாணயத்தைத் தேய்த்தால் மதிப்பு போச்சு.

அப்புறம், அறைத்தோழர். பால்கனிக்குப் போகச் சொன்னால் மட்டும் போதாது, கதவையும் சாத்தச் சொல்லுங்கள். ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் அறைக் காற்றையேதான் சுற்றிவிடும், அதை நம்பாதீர்கள். உறை வாங்கும் முன் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.